மூணு ஃபேஸ் வருவதற்குள்

என் இடது கைக்கு ஒரு வியாதி உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும், சுண்டுவிரல் போய் கன்ட்ரோல் கட்டைமேல் படுத்துக்கொள்ளும். ஒரு வரி அடித்து முடித்ததும் பக்கத்து விரல் எஸ்ஸை அமுக்கிவிடும். சேவ். கொஞ்சம் யோசித்தால் சேவ். தும்மினால் சேவ். கோயம்புத்தூரில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு இந்த வியாதி இருக்கும். நாங்கள் காலேஜ் படித்தபோது கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். லேபில் யு.பி.எஸ். என்று ஒரு பெட்டி இருந்தது, பேருக்கு. நாளெல்லாம் அடித்த ப்ரோக்ராம் ஒரு மினுக்கில் போய்விடும். கடைசியாக எங்கே சேவ் செய்தோமோ அதுவரைக்கும்தான் நமக்குச் சொந்தம். அழுது அழுது பழகிய கை இது.

இந்தக் கைதான் போன மாசி மாதம் என் வீட்டுக்காரரைக் கொல்லப் பார்த்தது.

குறிச்சி சிட்கோ பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஓனர் சென்னகேசவன் சார். மோட்டார்களை ஓட்டும் கன்ட்ரோல் பேனல் செய்து விற்கிறோம். தேங்காய் நார் மில்லுக்கு, சாயப்பட்டறைக்கு, மஞ்சள் பாலீஷ் போடும் ட்ரம்முக்கு. ஒவ்வொரு பேனலுக்குள்ளும் கன்ட்ரோலர் என்று கையளவு பெட்டி ஒன்று இருக்கும். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தரும் ப்ரோக்ராமை எழுதுவது நான், நித்யஸ்ரீ. பேனலை ஊர் ஊராக எடுத்துப்போய் மாட்டுவது கதிரேசன். அவர்தான் என்னைக் கட்டிக்கொண்டவர். ஆபீஸில் சண்டை போட்டு முடித்து, மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போகிற ஜோடி நாங்கள்.

அந்தக் கன்ட்ரோலர் கம்பெனிக்காரன் ப்ரோக்ராம் எழுதுவதற்கென்றே ஒரு பெரிய சாஃப்ட்வேர் கொடுத்திருக்கிறான். அதை க்ளிக் செய்துவிட்டு எதிர் பேக்கரிக்குப் போய் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அது திறந்துகொண்டேதான் இருக்கும். ஒரே ஒரு எழுத்தை மாற்றி மெஷினுக்கு அனுப்பப் பார்த்தால், பெண் பார்க்க வந்த வீட்டு அத்தை மாதிரி கேள்விமேல் கேள்வி கேட்கும். மெஷின் நின்றிருக்கிறதா? பக்கத்தில் ஆள் யாரும் இல்லையே? நிச்சயமாகவா? கதிரேசன் சைட்டுக்குக் கொண்டுபோகும் பழைய லேப்டாப்பில் அது திறக்கவே திறக்காது.

எனக்குக் கோபம் வந்தால் வேலை நடக்கும். வெறும் எழுத்து அடிக்கிற சின்ன எடிட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டேன். க்ளிக் செய்த உடனே பட்டென்று திறக்கிற ஜாதி. அதற்கு ஒவ்வொன்றாக மாட்டினேன். முதலில் சொற்களுக்குக் கலர். அப்புறம் பாதி அடிக்கும்போதே மீதிச் சொல்லை எடுத்துத் தருகிற வசதி. தப்பு செய்தால் கீழே சிவப்புக் கோடு. ஒரு மோட்டாரின் பெயரை ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறுகிற வசதி. சைட்டில் ஓடுகிற மெஷினின் நிலவரத்தை வலது ஓரத்தில் அப்போதைக்கப்போதே காட்டுகிற ஒரு பட்டை. டி.வி.எஸ். ஃபிஃப்டியில் முன்னாலும் பின்னாலும் மூட்டை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார்களே, அந்த மாதிரி ஏற்றினேன். வண்டி குடை சாயவில்லை. பெரிய சாஃப்ட்வேர் செய்கிற அத்தனையும் என் குட்டி எடிட்டர் செய்தது, அதுவும் கண் மூடித் திறப்பதற்குள்.

சென்னகேசவன் சாருக்கு வாயெல்லாம் பல். "ஏனுங்க அம்மணி, இத்தன பண்ணிப்போட்டீங்க, அனுப்பறதுக்கு மட்டும் எதுக்குங்க தனியா ஒரு பட்டனு? சேவ் பண்ணுனா அதுவே மெசினுக்குப் போயிடோணும்ங்க" என்றார்.

செய்துபோட்டேன். நான் சொன்ன அந்த மாசி மாத நாள் காலையில்தான் ஆபீஸ் மேஜைமேல் ஒரு கன்ட்ரோலரை வைத்து அவருக்குக் காட்டினேன். சேவ் அமுக்கினேன்; மேஜைமேல் இருந்த விளக்கு எரிந்தது. அவர் கை தட்டினார். எந்தக் கன்ட்ரோலர் இணைப்பில் இருக்கிறதோ அதை எடிட்டரே கண்டுபிடித்துக்கொள்ளும், அதையும் நான்தான் மாட்டியிருந்தேன். அந்த அத்தைக் கேள்விகளை மட்டும் மாட்டவில்லை. அதெல்லாம் வெட்டிக் கொழுப்பு என்று நினைத்தேன்.

சார் எழுந்து போனதும் மேஜைமேல் இருந்த கன்ட்ரோலரைக் கழற்றி வைத்தேன். போன் வந்தது. கதிரேசன்.

அவர் அன்றைக்கு அரச்சலூரைத் தாண்டி செங்கோடன் என்பவரின் தோட்டத்தில் இருந்தார். செங்கோடன் பெரிய மஞ்சள் விவசாயி. வேகவைத்துக் காயவைத்த மஞ்சளைக் கொட்டி உருட்டித் தோல் உரிக்கிற ட்ரம் ஒன்றைத் தோட்டத்துத் தகரச் செட்டிலேயே போட்டிருக்கிறார். ஒரு மாட்டு வண்டி உள்ளே போய்த் திரும்பலாம், அவ்வளவு பெரிய இரும்பு ட்ரம். அதற்குப் பேனல் எங்களுடையது.

தோட்டத்து லைனில் மூன்று ஃபேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். மற்ற நேரத்தில் விளக்கு மங்கலாக எரியும், ஃபேன் சுற்றும், மோட்டார் ஓடாது. அதனால் எங்கள் பக்கத்தில் கிணறு உள்ள எல்லாத் தோட்டத்திலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருப்பார்கள். மூன்று ஃபேஸ் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், தண்ணீர் தானாகப் பாயும், ஆள் நிம்மதியாகக் கட்டிலில் கிடக்கலாம். செங்கோடன் ட்ரம்முக்கும் அதே மாதிரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"கெணத்து மோட்டாரும் ட்ரம்மும் ஒண்ணுங்களா?" என்று நான் சண்டை போட்டேன்.

"அட என்னங் அம்மணி, எங்க போர் மோட்டாரு பத்து வருசமா தானாத்தானுங்க ஓடுது. யாரைங்க கடிச்சுபோட்டுது?" என்றார். ஓனர் தலையாட்டினார். அதற்குமேல் நான் யார் சொல்ல? சரி, ஓடுவதற்கு முன்னால் நன்றாகக் கத்துகிற மாதிரி ஒரு சைரன் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்தப் புது ப்ரோக்ராமைத்தான் அப்போது எழுதிக்கொண்டிருந்தேன். கதிரேசன் சாயங்காலம் அதை ஏற்றிவிட்டு வருவதாக ஏற்பாடு.

"நித்யா, இங்க மூணு ஃபேஸ் இல்ல. அதுக்குள்ள குழிக்குள்ள எறங்கி சென்சார மாத்திப்போடறேன்" என்றார் போனில். ட்ரம்முக்கு அடியில், பல்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஆள் படுத்துக்கொண்டு போகிற அகலத்துக்கு ஒரு குழி உண்டு. ட்ரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுகிற சென்சார் அங்கேதான் இருக்கும்.

"மெயின ஆஃப் பண்ணீங்களா?"

"ஆஃப் பண்ணா சென்சார் எப்படி வேலை செய்யும், சொல்லு? மூணு ஃபேஸே இல்லீங்கறேன். வந்தாலும் பட்டன அமுத்தாம ஓடாது. இங்க எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டேன், யாரும் தொட மாட்டாங்க."

"எனக்கென்னவோ—"

"அம்மணி, பயப்படாத. உன்ற எடிட்டருல லைனு குடுத்திருக்கேன். குழிக்குள்ள இருந்து சென்சார் முன்னாடி ஸ்பேனர ஆட்டறேன், உனக்கு நம்பர் ஏறும். பாத்துக்க. போன பேனல் மேல வெச்சுட்டுப் போறேன், குழிக்குள்ள உளுந்துட்டா எடுக்க முடியாது."

வைத்துவிட்டார். திரையின் வலது ஓரத்துப் பட்டையில் அரச்சலூர் ட்ரம் தெரிந்தது. மூன்று ஃபேஸ்: இல்லை. ட்ரம்: நிற்கிறது. எண்ணிக்கை: பூஜ்யம். கொஞ்ச நேரத்தில் எண்ணிக்கை ஒன்று ஆனது. அப்புறம் இரண்டு. ஆள் உள்ளே போய்விட்டார், ஸ்பேனரை ஆட்டுகிறார். சரிதான் என்று நான் என் வேலையைத் தொடர்ந்தேன்.

'ஆட்டோ ஸ்டார்ட்' என்று அடித்தேன். எடிட்டர் மீதியை எடுத்துக் கொடுத்தது. சமம், 'ட்ரூ'. அதாவது, ஆமாம், மூன்று ஃபேஸ் வந்தால் தானாக ஓடு. அடுத்த வரியில் சைரன் எழுத வேண்டும். வரி முடிந்ததா, என் கை அதன் வேலையைச் செய்தது.

திரையின் அடியில் பச்சையில் சின்னதாக ஒரு சொல் வந்தது. 'அனுப்பப்பட்டது.'

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்ன வேகம் பார், பெரிய சாஃப்ட்வேர் என்றால் இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் வலது ஓரத்தைப் பார்த்தேன்.

மூன்று ஃபேஸ்: இல்லை. ட்ரம்: காத்திருக்கிறது.

காத்திருக்கிறது. அந்தச் சொல்லை வைத்ததே நான்தான். ஆட்டோ ஸ்டார்ட் போட்டு, கரண்டுக்காக நிற்கிற மோட்டாருக்கு என்ன பெயர் காட்டலாம் என்று யோசித்து, முந்தின நாள் நானே அடித்த சொல். என் பாதி ப்ரோக்ராம் அரச்சலூருக்குப் போய்விட்டது. சைரன் இல்லாத பாதி. இனி யாரும் பட்டனை அமுக்க வேண்டியதில்லை. மூன்று ஃபேஸ் வந்தால் போதும், அந்த ட்ரம் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து சுற்ற ஆரம்பித்துவிடும். பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரரின் தலை இருக்கிறது.

"ஐயோ சாமீ" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பக்கத்து அறையில் யாரும் இல்லை. சார் வெளியே போய்விட்டிருந்தார்.

கதிரேசனுக்கு போன் அடித்தேன். அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடியும் அடித்தேன். பேனல் தகரத்தின்மேல் அந்த போன் நண்டு மாதிரி நகர்ந்து நகர்ந்து அதிர்வது எனக்குக் கண்ணில் தெரிந்தது. எடுங்க, எடுங்க, கெரகம் பிடிச்ச மனுசா, எடுங்க. எடுக்கவில்லை.

வலது ஓரத்தில் எண்ணிக்கை நகர்ந்தது. ப்ரோக்ராம் புதிதாகப் போனதால் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது. ஒன்று. கொஞ்சம் தள்ளி இரண்டு, மூன்று சேர்ந்தாற்போல். அப்புறம் ஒன்றுமில்லை. நான்கு. கோணல்மாணலாக ஏறியது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இது ஸ்பேனர். மனிதக் கை ஆட்டுகிற ஸ்பேனர் இப்படித்தான் ஏறும். ட்ரம் சுற்றினால் கடிகாரம் மாதிரி சீராக ஏறும். இந்த எண் கோணலாக ஏறுகிறவரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார். சீராக ஏற ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று யோசிக்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

இடது கை மறுபடியும் கீபோர்டுமேல் போய் உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் பாம்பை மிதித்த மாதிரி இழுத்துக்கொண்டேன். அதை என் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். என் கையையே எனக்கு நம்ப முடியவில்லை.

வலது கையால் செங்கோடனைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். ஈரோட்டில் மஞ்சள் ஏலத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கீங்களா? சாப்ட்டாச்சுங்களா?"

"அண்ணா, ட்ரம்மு மெயின உடனே ஆஃப் பண்ணச் சொல்லுங்க! எங்கூட்டுக்காரரு குழிக்குள்ள இருக்கறாருங்க!"

"அங்க கரண்டே இல்லீங்களே அம்மணி."

"வந்தா ஓடீருங்ண்ணா! ஆட்டோ போயிருச்சுங்க!"

"அட, ஆட்டோ போட்டுப்போட்டீங்களா? நொம்பச் சந்தோசம்ங்க" என்றார் அந்த மனிதர். அப்படியே போனுக்குள் கையை விட்டு உலுக்கலாம் போல இருந்தது. "அண்ணா! ஆளு உள்ள இருக்குதுங்க! செத்துருவாருங்க!" என்று நான் கத்தியதில், ஏலத்துச் சத்தத்துக்கு நடுவிலும் அவருக்கு விளங்கிவிட்டது. அவர் குரல் மாறியது.

"செட்டுல யாரு இருக்கறாங்கன்னு தெரியலைங்களே... வேலைக்கு வர்ற சின்னாத்தாகிட்ட போனு இருக்குதுங்க. களத்துல மஞ்ச கிண்டிட்டு இருக்கும். இருங்க, நம்பரு சொல்றனுங்க. நானும் கூப்புடறனுங்க, நானும் கூப்புடறனுங்க."

சின்னாத்தாள் முதல் மணியிலேயே எடுத்தாள். அந்தத் தாய்க்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன்.

"அக்கா, நான் பேனல்காரரு சம்சாரம் பேசறேனுங்க. அவரு குழிக்குள்ள இருக்கறாருங்க, வெளிய வரச் சொல்லுங்கக்கா. வெசையாப் போங்க."

"செட்டு அக்கட்ட இருக்குதுங் கண்ணு. போறனுங், போறனுங். போயி எதை அமுத்தோணும்? பச்சையா, செவப்பா?"

"எதையுமே தொடாதீங்கக்கா! அவரை மட்டும் கூப்புடுங்க. மூணு ஃபேஸ் எப்பங்க்கா வரும்?"

"இப்ப வர்ற நேரந்தானுங்" என்றாள் சின்னாத்தாள், நல்ல சேதி சொல்கிற மாதிரி.

போனை அணைக்காமலே நடந்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டேன். களத்துக் காற்று வீசுவது கேட்டது. அவள் செருப்புச் சத்தம் பட் பட் என்று கேட்டது. ஓடுகிற சத்தம் இல்லை, நடக்கிற சத்தம். வயதான பெண் வெயிலில் எவ்வளவு வேகமாக நடக்க முடியும்? எண்ணிக்கை ஏழு. அப்புறம் நெடுநேரம் ஏழிலேயே நின்றது. எட்டு, ஒன்பது.

அவளை மட்டும் நம்பி உட்கார முடியாது என்று புரிந்தது. ஆட்டோ ஸ்டார்ட்டை ட்ரூவிலிருந்து ஃபால்ஸ் ஆக்கி, மறுபடியும் அனுப்ப வேண்டும். பெரிய சாஃப்ட்வேரில் செய்யலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒழுங்காக மூன்று கேள்வி கேட்கும், தப்பாகப் போகாது. ஆனால் அது திறப்பதற்குள் அரச்சலூரில் எல்லாம் முடிந்துவிடும். ஆக, எந்த எடிட்டர் இந்த வேலையைச் செய்ததோ அதேதான் எனக்கு மிச்சம்.

வலது கை ஒன்றாலேயே ட்ரூவை அழித்தேன். எஃப் அடித்தேன். என் எடிட்டர் ஓடோடி வந்து உதவி செய்தது. எஃப்-பில் ஆரம்பிக்கிற சொற்களையெல்லாம் கீழே விரித்துக் காட்டியது. அவசரத்தில் என்டர் தட்டினேன். வரியில் வந்து உட்கார்ந்தது ஃபால்ஸ் இல்லை, 'ஃபாஸ்ட்'. ட்ரம்மை வேகமாகச் சுற்றவிடுவதற்கு நான் வைத்திருந்த பெயர். சிவப்புக் கோடுகூட விழவில்லை. எடிட்டரைப் பொறுத்தவரை அதில் ஒரு தப்பும் கிடையாது. ஆமாம், ஓடு, வேகமாகவே ஓடு என்கிற மாதிரி ஒரு வரி.

அந்த நேரம் மட்டும் இடது கை மேலே இருந்திருந்தால் அது சேவ் செய்திருக்கும். வரி முடிந்தது அல்லவா, அதற்கு அவ்வளவுதான் தெரியும். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அழித்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். எஃப். ஏ. எல். எஸ். இ. அது எடுத்துக் கொடுக்க வந்ததையெல்லாம் தள்ளிவிட்டேன். வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி.

இனி சேவ் செய்ய வேண்டியதுதான்.

கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தேன். மரத்துப்போயிருந்தது. விரல்களைக் கன்ட்ரோல்மேலும் எஸ்மேலும் வைத்தேன். அமுக்கவில்லை. நாள்தோறும் கேட்காமலே அமுக்குகிற நாய்க் கை, நான் கெஞ்சும்போது அமுக்க மாட்டேன் என்கிறது. ப்ரோக்ராம் போய்ச் சேரும்போது கன்ட்ரோலர் ஒரு தடவை அணைந்து எழும். அணைந்து எழுகிற அந்த நேரத்தில் மூன்று ஃபேஸ் வந்தால் என்ன செய்யும்? நான் சோதித்துப் பார்த்ததில்லை. மேஜைமேல் விளக்கு எரிவதைப் பார்த்துக் கை தட்டியதோடு சரி. அனுப்பாமல் இருந்தால் சாவு நிச்சயம், அனுப்பினால் சாவு சந்தேகம். இந்தக் கணக்கு புரிந்தும் விரல் இறங்கவில்லை.

போனில் செருப்புச் சத்தம் மாறியது. மண்ணிலிருந்து சிமென்ட் தரைக்கு வந்துவிட்டாள் போல.

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

'அனுப்பப்பட்டது.' வலது ஓரத்துப் பட்டை வெளுத்தது. எல்லாம் வெறுமையாகப் போய்விட்டது. எண்ணிக்கை இல்லை, ஃபேஸ் இல்லை, ட்ரம் இல்லை. கன்ட்ரோலர் அணைந்து எழுந்துகொண்டிருக்கிறது.

அப்போது போனில் ஆரவாரம் கேட்டது. யார் யாரோ ஒரே குரலில் கத்தினார்கள். "வந்துருச்சு! கரண்டு வந்துருச்சு!"

நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்து என்ன செய்யப்போகிறேன், தெரியாது. அந்த ட்ரம் சுற்றினால் எப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும், டிப்பர் லாரியில் ஜல்லி கொட்டுகிற சத்தம். காதை போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். எங்கோ ஒரு பம்ப்செட் ஓட ஆரம்பித்தது. இன்னொன்று. தோட்டம் தோட்டமாக மோட்டார்கள் தானாக எழுந்துகொண்டிருந்தன. ட்ரம் சத்தமா அது? இல்லை. அதுவா? தெரியவில்லை.

பட்டை திரும்பி வந்தது. மூன்று ஃபேஸ்: உண்டு. ட்ரம்: நிற்கிறது. எண்ணிக்கை: பூஜ்யம்.

பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. ட்ரம் நிற்கிறது, சரி. ஸ்பேனர் ஏன் ஆடவில்லை? ஆடுங்க. ஒரே ஒரு தடவை ஆடுங்க. நடுவில் ஒரு கணம் சுற்றிவிட்டு நின்றதா? ஒரு கணம் போதுமே அதற்கு. நான் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங் தம்பீ!" என்று சின்னாத்தாள் குனிந்து கூப்பிடுவது கேட்டது. "தம்பீ! குழிக்குள்ள இருக்கறீங்களா?"

மறுபடியும் கூப்பிட்டாள்.

"என்னங்க்கா?" என்றது கதிரேசன் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "நட்டு ஒண்ணு கீழ உளுந்துருச்சுங்க்கா, தேடிட்டு இருக்கறேன்."

"உங்க சம்சாரம் போனுலங், வெளிய வரச் சொல்லுது."

"இந்தா வந்தர்றேன்னு சொல்லுங்க்கா. இன்னும் ரெண்டே ரெண்டு நட்டு—"

"வெளிய வாடா!" என்று கத்தினேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து, எத்தனை சண்டையிலும், அவரை நான் ங்க போடாமல் பேசியதில்லை. அந்த ஸ்பீக்கர் வழியாக அது செட்டு முழுக்கக் கேட்டிருக்கும். அங்கே ஆரவாரமே அடங்கிவிட்டது. "வெளிய வா. மெயின ஆஃப் பண்ணு. அப்பறம் பேசு" என்று மறுபடியும் கத்திவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் தலைமுதல் கால்வரை மஞ்சள் தூளோடு வீட்டுக்கு வந்தார். வந்ததும் வராததுமாக, "செட்டுல அத்தன பேரு முன்னாடி டா போட்டுட்ட. செங்கோடண்ணன் வரைக்கும் சேதி போயிருச்சு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சேவ் செய்தது, போய்ச் சேர்ந்தது, காத்திருக்கிறது என்று வந்தது, எல்லாம்.

கேட்டுவிட்டு வாசல் குழாய்க்குப் போய்க் கை கழுவினார். மஞ்சள் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

"கரண்டு வந்தப்ப நான் பல்சக்கரத்துல தலைய சாச்சுட்டு இருந்தேன்" என்றார், குழாயைப் பார்த்தபடி. "கீழ நட்ட தேடறதுக்கு. மேல லைட்டு பளிச்சுன்னு எரிஞ்சுது. அட, வெளிச்சம் வந்துருச்சு, இனி நட்டு கெடச்சுரும்னு நெனச்சேன்."

அன்றைக்கு நாங்கள் சண்டை போடவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் முதல் வேலையாக, சேவ் செய்தால் அனுப்புகிற வசதியைப் பிடுங்கி எறிந்தேன். அனுப்புவதற்குத் தனியாக ஒரு பட்டன் வைத்தேன். அதை அமுக்கினால் ஒரு பெட்டி திறக்கும். மெஷினுக்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பெரிய சாஃப்ட்வேர் கேட்கும், ஆமாம், இல்லை என்று நாமும் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். என் பெட்டி அப்படிக் கேட்காது. சைட்டில் இருக்கும் ஆள் யார் என்று பெயர் கேட்கும். பெயரை முழுதாகக் கையால் அடிக்க வேண்டும், எடுத்துக் கொடுக்காது. அந்த ஆள் வெளியே வந்து, தன் போனிலிருந்து சரி என்று அனுப்பினால்தான் ப்ரோக்ராம் நகரும். செங்கோடனின் ஆட்டோ ஸ்டார்ட்டை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார்.

சென்னகேசவன் சாருக்கு முகம் சுருங்கியது. "நல்லா சுறுசுறுன்னு இருந்ததுங்க அம்மணி. இப்ப அந்தப் பெரிய சாஃப்ட்வேர் மாதிரியே ஆக்கிப்போட்டீங்களே."

"ஆமாங்க சார்" என்றேன். "அது எதுக்கு அத்தன தடவை கேக்குதுன்னு இப்பத்தானுங்க தெரிஞ்சுது."

இன்றைக்கு கதிரேசன் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பாக்கு மண்டியில் இருக்கிறார். சற்றுமுன் கூப்பிட்டார். "அம்மணி, மெயின ஆஃப் பண்ணிப்போட்டேன், பியூஸ் கட்டையையும் புடுங்கி பாக்கெட்டுல போட்டுட்டேன். உள்ள எறங்கறேன்." பெட்டியைத் திறந்து அவர் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்து வைத்திருக்கிறேன். அவர் சரி சொல்லாமல் இங்கிருந்து ஒரு எழுத்துகூட அங்கே போகாது. சோதித்துப் பார்த்துவிட்டேன், பல தடவை.

இருந்தாலும் அவர் வெளியே வந்து கூப்பிடும்வரை கீபோர்டைத் தொடுவதில்லை. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.